பஸ்ஸில் விட்டுப்போன பேப்பர்கள்

கண்டக்டர் அக்காவிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். "அப்புறம் எதுக்குடி என்கிட்ட வந்து சொன்னே?" என்பாள். நியாயமான கேள்விதான்.

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்தேன். பேகோபுரத்துப் பக்கம் ஒரு தெருவில், ஒரே வாசல், ஒரே கிணறு, மூன்று குடித்தனம். முன்கட்டில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா சாரும் அவர் மனைவியும். நடுவில் கண்டக்டர் வீடு. பின்கட்டில் நானும் என் வீட்டுக்காரரும். அக்காவுக்கு அப்போது நாற்பதுக்கு மேல் இருக்கும். நல்ல கனத்த சரீரம், அதைவிடக் கனத்த குரல். கிணற்றடியில் அவள் பேசினால் தெருமுனை இட்லிக் கடையில் கேட்கும்.

அவள் புருஷன் சேலம் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர். வாரத்தில் பாதி நாள் ராத்தங்கல் அங்கேதான். சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வருவார். வரும்போது கக்கத்தில் ஒரு கட்டு பேப்பர் இருக்கும். பிரயாணிகள் படித்துவிட்டு சீட்டில் போட்டுவிட்டுப் போனவை. மடித்து உட்கார்ந்தது, முறுக்கு வைத்துத் தின்றது, குழந்தைக்கு விசிறியது என்று எல்லாம் இருக்கும். தேதி வரிசை கிடையாது. எங்கள் ஊர்க் கடைகளில் தொங்குவது வேலூர்ப் பதிப்பு. இவர் கொண்டுவருவது சேலம் பதிப்பு. அதனால் பக்கத்துத் தெருவில் நடந்தது எங்களுக்குத் தெரியாது, அரூரில் ஆடு தொலைந்தது தெரியும்.

முதல் பக்கம் கிழிந்துபோன பேப்பர் என்றால் அக்காவுக்கு இன்னும் சந்தோஷம். "முதல் பக்கத்துல இன்னா இருக்கு? மந்திரி வந்தாரு, மந்திரி போனாரு. உள்பக்கத்துலதாம்மா ஜனங்க இருக்காங்க" என்பாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கூடத்தில் நடுவில் உட்கார்ந்து, ஒரு சட்டி நிறைய வேகவைத்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, பக்கத்தில் வைத்துக்கொண்டு, அக்கா உரக்கப் படிப்பாள். நாங்கள் சுற்றி உட்கார்ந்து தோலை உரித்துக்கொண்டு கேட்போம். அவளுக்கு ஒரு வைராக்கியம் உண்டு. அச்சில் இருப்பதில் ஒன்றைக் கூட்டவும் மாட்டாள், ஒன்றை விடவும் மாட்டாள். டெண்டர் அறிவிப்பு, மூக்குப்பொடி விளம்பரம், கருமாதிப் பத்திரிகை எல்லாம் அதே குரலில் வரும். குமாஸ்தா சார் ஒருநாள் பொறுக்க முடியாமல், "அந்த டெண்டரை விட்டுத் தொலையேம்மா" என்றார். "ஒருத்தன் காசு குடுத்துப் போட்டிருக்கான் சார். நடுவுல புகுந்து வேணாம்னு சொல்ல நான் யாரு?" என்று மதகுக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் என்பதையும் படித்து முடித்தாள்.

வீட்டு விஷயங்களிலும் இதே கொள்கைதான். அங்கேதான் வந்தது வினை. எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. நானே இன்னும் நிச்சயம் பண்ணிக்கொள்ளவில்லை. தாளிக்கிற வாசனைக்கு நான் முகத்தைத் திருப்பியதை அக்கா ஒரே ஒருமுறை பார்த்தாள். அவ்வளவுதான். சாயங்காலம் பூக்காரி எனக்கு ஒரு முழம் கூடவே அளந்து கொடுத்தாள். என் வீட்டுக்காரருக்கு முடி வெட்டுகிறவர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. பாதித் தலையோடு எழுந்து ஓடி வந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அக்காவோடு பேச்சையே நிறுத்தினேன். அவள் ஒரு கிண்ணத்தில் பணியாரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நான் பொய்யா சொன்னேன்?" என்று கேட்டாள். அந்த முகத்தில் துளி குற்ற உணர்ச்சி இல்லை. இவளோடு எப்படிச் சண்டை போடுவது?

குமாஸ்தா சார் பட்டது இன்னும் மோசம். காய்ச்சல் என்று லீவு போட்டுவிட்டுப் போளூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். அவருடைய மேலதிகாரியின் மனைவியைச் சந்தையில் பார்த்த அக்கா, "சாருக்குக் காய்ச்சலா? காலையிலதான பட்டு வேட்டி கட்டிக்கினு போளூர் பஸ் ஏறினாரு" என்றாள். மெமோ வந்தது. சார் ஒரு மாதம் அவள் முகத்தில் விழிக்கவில்லை. சனிக்கிழமை மட்டும் கூடத்து ஓரத்தில், காதில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, கேட்காத மாதிரி உட்கார்ந்திருப்பார்.

என் பெண் பிறந்து தவழத் தொடங்கிய வருஷத்துக் கார்த்திகைத் தீபம் அது. தீபம் வந்தால் எங்கள் ஊரில் வீடுகள் எல்லாம் சத்திரமாகிவிடும். குமாஸ்தா சார் வீட்டுக்குப் போளூரிலிருந்தும், அக்கா வீட்டுக்கு ஆரணியிலிருந்தும், எங்களுக்குச் செங்கத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்தும் ஜனங்கள் வந்து குவிவார்கள். வந்தவர்கள் தங்களோடு நாலு பேரைக் கூட்டிவருவார்கள். கூடத்தில், நடையில், கிணற்றடியில் என்று கிடைத்த இடத்தில் படுப்பார்கள். யார் யாருடைய ஆள் என்று கேட்பது மரியாதை இல்லை. உட்கார்ந்தவருக்கெல்லாம் இலை போடவேண்டியதுதான்.

மலைமேல் தீபம் ஏற்றிய மறுநாள் முதல் ஒவ்வொருவராக மூட்டையைத் தூக்கினார்கள். சனிக்கிழமை விடிந்தபோது ஊரே அடித்துப்போட்டது போலக் கிடந்தது. பொசபொசவென்று தூறல். மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள். தெருவில் கரும்புச் சக்கையும் உடைந்த அகலும் தவிர ஒன்றும் இல்லை. குளிருக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம் என்று எல்லோருக்கும் ஓர் ஆசை.

எழுந்து போய்ப் பார்த்தால் கிணற்றடியில் ஒரு பெண் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். தீபத்தன்று முதல் பார்க்கிற முகம்தான். முப்பது வயது இருக்கும். ஒல்லி, பச்சைப் புடவை, ஒரு துணிப்பை. காய் நறுக்க, பாய் சுருட்ட, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் முதலில் வந்து நின்றவள்.

குமாஸ்தா சார் மனைவியிடம் கேட்டேன்: "உங்க நாத்தனார் எப்பக் கிளம்புறாங்க?"

"எந்த நாத்தனாரு? அவங்க உங்க மாமியார் ஊர்க்காரங்கன்னு இல்ல நெனச்சேன்?"

"எங்க ஊர்லேருந்து வந்தவங்கதான் நேத்தே போயிட்டாங்களே!"

இரண்டு பேரும் ஓடிப்போய் அக்காவை எழுப்பினோம். அவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு, "எங்காளு இல்லம்மா. பாவம், உங்க ரெண்டு வீட்ல யாரோ நல்லா வேலை வாங்குறீங்கன்னு நானே உங்களைத் திட்டிக்கினு இருந்தேன்" என்றாள். எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று குடித்தனமும் சேர்ந்து, முன்பின் தெரியாத ஒருத்திக்கு இத்தனை நாளாகச் சோறு போட்டு வேலையும் வாங்கியிருக்கிறோம்!

மூன்று பேரும் கிணற்றடியில் போய் நின்றோம். அவள் குழவியை நிறுத்தவில்லை.

"தீபம் பார்க்க வந்தேனுங்க. கூட வந்தவங்களைக் கூட்டத்துல தவற விட்டுட்டேனுங்க."

"எந்த ஊரும்மா?" என்றாள் அக்கா.

"திருக்கோவிலூர்ப் பக்கமுங்க."

"திருக்கோவிலூர்ல யாரு இப்படி பேசுறாங்க? இது மேக்கத்திப் பேச்சு ஆச்சே!"

அவள் மாவை வழிக்கக் குனிந்தாள். முந்தானை விலகியது. முதுகில், ரவிக்கைக்கு மேலே, கழுத்துக்குக் கீழே, வரிவரியாகக் கரண்டிக்காம்பு அகலத்தில் சூட்டுத் தழும்புகள். ஒன்று இன்னும் ஆறவே இல்லை.

"அது இன்னாம்மா?" அக்காவின் குரல் முதல்முறையாகக் கிணற்றடியைத் தாண்டவில்லை.

"பால் கொட்டிடுச்சுங்க."

"முதுகுலயா பால் கொட்டும்?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடியும் ஆட்டத் தொடங்கினாள்.

விஷயம் குமாஸ்தா சாருக்குப் போனது. தழும்பை நாங்கள் சொல்லவில்லை. ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வது? அவர், "இதெல்லாம் நமக்கு எதுக்கு வம்பு? திங்கக்கிழமை ஆபீஸ் போற வழியில போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லிடறேன். அவங்க ஊரைக் கண்டுபிடிச்சு அனுப்பிடுவாங்க" என்றார். சட்டப்படி அது சரிதான். அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்:

"போலீஸ்ல சொன்னா ஊட்டுக்குத்தானுங்க திருப்பி அனுப்புவாங்க?"

நான், "பயப்படாதே" என்றேன். வேறு என்ன சொல்வது? அக்கா அதைக் கேட்டுக்கொண்டே வெந்நீர் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள்.

என் பயமெல்லாம் அக்காவைப் பற்றித்தான். தூறல் விட்டதும் இட்லிக் கடைக்குப் போவாள், முதுகுத் தழும்பு தெருவுக்கே தெரிந்துவிடும், மத்தியானத்துக்குள் போலீஸே தேடி வந்துவிடும் என்று நினைத்தேன். தூறல் விடவில்லை. மத்தியானம் அவள் புருஷன் நனைந்துகொண்டு வந்தார், சட்டைக்குள் பேப்பர் கட்டோடு. சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டார்.

சாயங்காலம் வழக்கம்போலக் கூடம் கூடியது. கதவைச் சாத்தி, சட்டி மல்லாட்டையை ஆவியோடு நடுவில் வைத்தோம். என் பெண் அக்கா மடியில். அந்தப் பெண் தூணோரம் முறத்தில் அரிசியைப் புடைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் செய்திகள் எல்லாம் சிரிப்பாகவே அமைந்தன. ஊத்தங்கரைப் பக்கம் திருட வந்தவன் சட்டியில் இருந்த மீன் குழம்பைச் சாப்பிட்டு அங்கேயே தூங்கிவிட்டான். வீட்டுக்காரர்கள் எழுப்பிக் காபி கொடுத்துப் பிடித்துக் கொடுத்தார்கள். தர்மபுரியில் மாப்பிள்ளை கிணற்றில் விழுந்துவிட்டார். தூக்கியெடுத்து ஈர வேட்டியோடு தாலி கட்ட வைத்தார்கள். குமாஸ்தா சார் மப்ளருக்குள் சிரித்தார். அந்தப் பெண்கூடத் தலையைக் குனிந்து சிரித்ததைப் பார்த்தேன்.

அக்கா பக்கத்தைத் திருப்பினாள். "காணவில்லை" என்று ஆரம்பித்தாள். நின்றுவிட்டாள்.

நான் அவள் தோளோடு தோளாக உட்கார்ந்திருந்தேன். எனக்கும் தெரிந்தது. கல்யாணத்தன்று எடுத்த படம். பூசின உடம்பு, கழுத்து நிறைய நகை. ஆனால் கண்ணும் நெற்றியும் அவளேதான். தீபம் பார்க்க வந்த இடத்தில் மனைவி தவறிவிட்டாள், புத்தி சுவாதீனம் இல்லாதவள், பார்த்தவர்கள் தயவுசெய்து தெரிவிக்கவேண்டும் என்று கணவன் கொடுத்திருந்தான். கீழே சேலத்து விலாசம்.

முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம் நின்றுபோயிற்று. அவளுக்குப் படிக்கத் தெரியுமோ தெரியாதோ, விஷயம் தெரிந்துவிட்டது. சுவரோடு ஒட்டிக்கொண்டு அக்கா வாயையே பார்த்தாள்.

"என்னம்மா நிறுத்திட்டே? என்ன காணோமாம்?" என்றார் குமாஸ்தா சார்.

டெண்டரைக்கூட விடாதவள் ஆயிற்றே. படித்தால் முடிந்தது. திங்கட்கிழமைகூட வேண்டாம், இப்போதே சார் குடையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவார்.

"எருமைங்க" என்றாள் அக்கா. "சேலத்துல ஒருத்தரு எருமையைக் காணோமாம். தேடிப் போயி பார்த்தா புதருக்குள்ள மூணு கன்னு போட்டுட்டு நிக்குதாம்."

"ஒரே ஈத்துல மூணா? எருமையா?"

"போட்டிருக்குங்க சார். போட்டோவும் போட்டிருக்கான்."

"எங்க காட்டு."

சார் கையை நீட்டினார். மூன்று கன்று என்றால் யாருக்குத்தான் பார்க்கத் தோன்றாது? அக்கா, "ஐயையோ, பாப்பா நனைச்சிட்டா!" என்று ஒரு கூச்சல் போட்டு, அந்தப் பக்கத்தை அப்படியே கசக்கி என் பெண்ணுக்கு அடியில் சொருகினாள். என் பெண் காய்ந்த துணியோடு, ஒன்றும் புரியாமல் விழித்தாள். அக்கா என்னைப் பார்த்தாள்.

"ஆமாமா, ரொம்ப நனைச்சிட்டா" என்று குழந்தையையும் பேப்பரையும் சேர்த்து வாரிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன். வெந்நீர் அடுப்பில் இன்னும் தணல் இருந்தது. அந்தப் பக்கம் எரிந்து முடிகிறவரை அங்கேயே நின்றேன்.

மறுநாள் விடிந்ததும் அக்கா அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் என் பழுப்புச் சால்வையை அந்தப் பெண் மேல் போட்டேன். வாசலில் அக்கா என் காதோடு சொன்னாள்: "ஆரணியில எங்க அக்கா தறிக்கு நூல் சுத்த ஆள் வேணும்னு கேட்டுக்கினு இருந்தா. நீ ஒண்ணும் பார்க்கல." பார்க்கவில்லை என்றேன். சாயங்காலம் திரும்பி வந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சத்திரத்துல அவங்க ஆளுங்க தேடிக்கினு இருந்தாங்க. ஒப்படைச்சிட்டு அப்படியே ஆரணி போயி எங்க அக்காவைப் பார்த்துட்டு வந்தேன்" என்றாள். யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. அக்கா சொன்னால் அது நடந்தது என்றுதானே அர்த்தம்.

புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. அவரிடம் சொன்னால் டிக்கெட் கிழிக்கும்போதே பஸ் முழுக்கச் சொல்லிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அதிலேதான் மாட்டிக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை அவர் பேப்பர் கட்டோடு ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தார். "பாவம், சேலம் பஸ் ஸ்டாண்டுல ஒவ்வொரு வண்டியா ஏறி போட்டோவைக் காட்டிக்கினு இருக்காரு. நம்ம வீட்ல ஒரு அம்மா இருந்தாங்களே, ஒருவேளை அவங்களோன்னு..."

வந்தவன் ரவுடி மாதிரி இருப்பான் என்று நினைத்திருந்தேன். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு சீப்பு பழம். கும்பிட்டுக்கொண்டே பேசினான். "அவ இல்லாம ஊடு ஊடா இல்லீங்க. ரெண்டு நாளா சாப்பிடலீங்க" என்று சொல்லும்போது பொலபொலவென்று அழுதான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு மனசு ஆட்டம் கண்டுவிட்டது. தப்புப் பண்ணிவிட்டோமோ என்று தோன்றியது.

அக்கா படத்தை வாங்கிப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். "இவங்க இல்லீங்க. இங்க வந்தவ திருக்கோவிலூர்க்காரி. அவங்க ஆளுங்ககிட்ட நானே கொண்டுபோய் விட்டேன்" என்றாள்.

அவன் நம்பவில்லை. அழுகை நின்றது. கண் மட்டும் கூடம், கிணற்றடி, பின்கட்டு என்று ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தது. "நெசமாத்தான் சொல்றீங்களா? மறைச்சு வெச்சா கேஸ் ஆயிடுமுங்க" என்றான். அந்தக் குரல் வேறே.

அப்போது முன்கட்டிலிருந்து குமாஸ்தா சார் எழுந்து வந்தார்.

"யாருகிட்ட வந்து இன்னா கேக்குறே?" என்றார் சார். "இந்தம்மா ஒண்ணை மறைக்கிறதா? நான் ஒரு நாள் லீவு போட்டதை ஜில்லாவுக்கே சொன்னவங்கய்யா இவங்க! இவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா இந்நேரம் உன் ஊருக்கே தந்தி போயிருக்கும். எனக்கு மெமோ வாங்கிக் குடுத்த வாயி இது. போய்யா, வேற எங்கயாவது தேடு."

அவன் பழத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். தெருமுனை திரும்புகிறவரை அக்கா வாசலில் நின்று பார்த்தாள். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நிஜமா அழுதானே அக்கா" என்றேன்.

"அழுகை நிஜந்தாண்டி. அந்தச் சூடும் நிஜந்தான."

அதற்குமேல் அதைப் பற்றி அவள் என்னிடம்கூடப் பேசியதில்லை. அந்தப் பெண் ஆரணியிலேயே இருந்தாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். வருஷத்துக்கொரு தரம் போய்விட்டு வரும்போது அக்கா முகத்திலேயே அது இருக்கும்.

ஆனால் அவன் வந்துபோன அன்றைக்குச் சாயங்காலம் கூடம் கூடியபோது பேப்பர் கட்டைப் பிரித்து என் மடியில் போட்டாள். "கண்ணு சரியில்ல, நீ படி" என்றாள். கண்ணுக்கு ஒன்றும் இல்லை. அரிசியில் எவ்வளவு சின்னக் கல்லையும் அவள்தான் பொறுக்குவாள். இல்லாத ஒன்றை ஒருமுறை படித்துவிட்ட வாயால் மறுபடி படிக்க அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். அந்த வீட்டில் நாங்கள் இருந்த வருஷமெல்லாம், வேங்கிக்கால் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போகிறவரைக்கும், சனிக்கிழமைகளில் நான்தான் படித்தேன். அக்கா மல்லாட்டை உரித்துக்கொண்டு கேட்பாள். கல்யாணம், கருமாதி, டெண்டர் எதையும் விட விடமாட்டாள். "காணவில்லை" என்று நான் ஆரம்பித்தால் மட்டும் உரிக்கிற கையை நிறுத்துவாள்.

"இரு இரு. காணாமப் போனது யாருன்னு அப்புறம் பார்க்கலாம். தேடுறது யாருன்னு மொதல்ல உன் மனசுக்குள்ள படி."

தேடுவது தாயோ தகப்பனோ என்றால் நான் உரக்கப் படிப்பேன். அக்கா அதை இரண்டு தடவை படிக்கச் சொல்வாள். தேடுவது புருஷன் என்றால், பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.